மணலிக்கு வந்த வயலின்: மழையையும் வெயிலையும் ஒரு வாத்தியம் எப்படிப் பாடுது?

மணலி என்றதும் நினைவுக்கு வருவது சுத்திகரிப்பு ஆலை, வரிசைகட்டி நிற்கும் டேங்கர் லாரிகள், மழை வந்தால் தேங்கும் வெள்ளம். ஆனா, இன்றைக்கு வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியைப் பார்ப்பதே அரிது என்றால், அந்த மாற்றம் தொடங்கிய இடங்களில் ஒன்று இதே மணலிதான்.

ஐரோப்பியர்கள் வசந்தத்தையும் குளிர்காலத்தையும் வாசித்துக் காட்டிய வாத்தியம் வயலின். சீனர்கள் அதில் தங்கள் நாட்டுப்புறக் கதையைச் சொன்னார்கள். அது நம்ம ஊரில் என்ன செய்தது?

மணலிக்கும் வயலினுக்கும் என்ன சம்பந்தம்?

18-ம் நூற்றாண்டில் சென்னை கவர்னர் பிகட்டிடம் துபாஷியாக இருந்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். பூக்கடை சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீஸ்வரர் கோயில்களோடு இவர் பெயர் சேர்ந்தே பேசப்படும். ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கிய ராமசாமி தீட்சிதரை திருவாரூரிலிருந்து மணலிக்கு அழைத்துவந்து ஆதரித்தவரும் இவரே. அவருக்குப் பின் மகன் சின்னய்யா முதலியார் அந்த ஆதரவைத் தொடர்ந்தார்.

தீட்சிதரின் மகன்களுக்கு கோட்டையில் ஆங்கிலேயர் வாசித்த பேண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு இப்படித்தான் கிடைத்தது. மூத்தவர் முத்துசாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவைதான் 'நோட்டுஸ்வரங்கள்'. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டும் அதில் ஒன்று.

தம்பி பாலுசாமி தீட்சிதரைக் கவர்ந்தது வயலின். அவருக்கு ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்று ஆண்டுகள் பயிற்சி கிடைக்க ஏற்பாடு செய்தார் மணலி முதலியார். அந்தக் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-ல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' நூல் வழியாக இந்த வரலாறு நமக்குக் கிடைக்கிறது. கர்நாடக இசையை வயலினில் முதலில் வாசித்தவர் என்று பரவலாகச் சொல்லப்படுபவர் பாலுசாமிதான். பின்னாளில் அவர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார்.

வயலினை நம்ம ஆட்கள் எப்படி மாத்தினாங்க?

வாத்தியத்தின் உருவத்தைத் தொடவில்லை, வாசிக்கும் முறையைத்தான் மாற்றினார்கள். மேற்கில் நின்றுகொண்டோ நாற்காலியில் அமர்ந்தோ வாசிப்பார்கள். இங்கே சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் சுருள் தலையை வலது பாதத்தில் ஊன்றிக்கொள்வார்கள். இதனால் வாத்தியம் அசையாமல் நிற்கும். இடது கை அதைத் தாங்கிப் பிடிக்கத் தேவையில்லாமல் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடலாம். கமகத்துக்கு அதுதான் வேண்டும். தந்திகளின் சுருதியும் ச–ப–ச–ப என்று மாறியது. பாடகரின் குரலை ஒட்டியே போக இது வசதி.

'கான்செர்ட்டோ'ன்னா என்ன?

ஒரு தனி வாத்தியம் முன்னால் நிற்க, ஆர்கெஸ்ட்ரா அதோடு பேசியும் மோதியும் போகும் இசை வடிவம்தான் கான்செர்ட்டோ. பெரும்பாலும் வேகம், நிதானம், மறுபடி வேகம் என மூன்று பகுதிகள் இருக்கும்.

பருவங்களை வைத்து எழுதப்பட்டதில் உலகப் புகழ்பெற்றது இத்தாலியின் விவால்டி எழுதிய 'நான்கு பருவங்கள்'. 1725-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒன்று என நான்கு வயலின் கான்செர்ட்டோக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கவிதை. பறவைச் சத்தம், இடி, குளிரில் பல் நடுங்குவது எல்லாமே வயலினில் கேட்கும்.

சீனா என்ன செய்தது?

1959-ல் ஷாங்காய் இசைக் கல்லூரி மாணவர்கள் ஹ சான்ஹாவ், சென் காங் இருவரும் 'பட்டாம்பூச்சிக் காதலர்கள்' என்ற வயலின் கான்செர்ட்டோவை எழுதினார்கள். சீன நாட்டுப்புறக் காதல் கதை, சீன நாடகப் பாட்டின் மெட்டு, எர்ஹு என்ற இரண்டு தந்தி வாத்தியத்தைப் போன்ற இழைப்பு. ஐந்து சுர மெட்டுகள் என்பதால் தமிழ்க் காதுக்கு அங்கங்கே மோகனம் போல ஒலிக்கும்.

பருவங்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. சூரியனின் பயணத்தை வைத்து ஆண்டை 24 பகுதிகளாகப் பிரிப்பது சீன மரபு. பூச்சிகள் விழிக்கும் காலம், தானிய மழை, உறைபனி இறங்கும் காலம் என்று ஒவ்வொன்றுக்கும் விவசாயியின் கண்ணில் பட்ட பெயர். 2016-ல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சீனப் பருவங்களை வயலினுக்கு எழுதுபவர்களுக்கு நான்குக்குப் பதில் 24 கையில் இருக்கிறது.

நம்மகிட்ட எத்தனை?

ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். வசந்தத்தின் பெயரிலேயே வசந்தா ராகம் இருக்கு. மழைக்கு அமிர்தவர்ஷினி. வறண்டு கிடந்த எட்டயபுரத்தில் முத்துசாமி தீட்சிதர் அந்த ராகத்தில் பாட, மழை கொட்டியதாக ஒரு கதை உண்டு. தம்பி பாலுசாமியைப் பார்க்கப் போன பயணத்தில் நடந்ததாகத்தான் அதைச் சொல்வார்கள்.

இங்கே வயலின் ஆர்கெஸ்ட்ராவுக்கு எதிரில் நிற்கவில்லை, பாடுபவரின் பக்கத்தில் உட்கார்ந்தது. மேற்கத்திய மேடைக்கும் அது நம் இசையோடு திரும்பிப் போனது. சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல்.சுப்ரமணியம் எழுதிய 'ஃபேன்டசி ஆன் வேதிக் சான்ட்ஸ்' படைப்பு 1985-ல் ஜுபின் மேத்தா நடத்திய நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு அரங்கேறியது.

இன்றைய வடசென்னையின் பருவம் எது?

ஐப்பசி, கார்த்திகை மழைதான். கொசஸ்தலை ஆற்றின் வெள்ளம் கடலுக்குப் போகும் வாசல் எண்ணூர் கழிமுகம். அந்த வாசல் அனல்மின் நிலையச் சாம்பலாலும் ஆக்கிரமிப்பாலும் சுருங்கியதைப் பற்றி 2017 ஜனவரியில் ஒரு பாட்டு வந்தது. 'சென்னை புறம்போக்கு பாடல்'. கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுத, கழிமுகத்தில் நின்றே டி.எம்.கிருஷ்ணா அதை ராகமாலிகையாகப் பாடினார். மெட்டமைத்த ஆர்.கே.ஸ்ரீராம்குமார் ஒரு வயலின் வித்வான். தீட்சிதர் குடும்பம் வாழ்ந்த மணலியின் தண்ணீரும் இந்தக் கழிமுகத்தைத்தான் சேர வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெயும் கலந்து வந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியது. வலையும் படகும் கறுத்தன, மீனவர்களுக்குத் தொழில் நின்றது. அதே மாதம் மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் இசை சீசன். சென்னைக்காரர்கள் 'சீசன்' என்று சொன்னாலே அதுதான்.

அந்த மேடைகளில் ஒவ்வொரு பாடகருக்கும் பக்கத்தில் ஒரு வயலின் இருந்தது. அது நம் இசைக்குள் வந்த கதையில் மணலி இருக்கு. ஆனா, மணலிக்கு டிசம்பர்னா இன்னிக்கும் வெள்ளக் கவலைதான்.