180 என்றே எழுதுங்கள்

யுஎஸ்பி வெப்கேமராவைச் செருகினால் அதுவே தன் பெயரைச் சொல்லிவிடும். கைபேசியிலும் ராஸ்பெரி பை போர்டிலும் உள்ள குட்டிக் கேமராக்கள் தாமாக வாய் திறப்பதில்லை. ஐ2சி என்ற இரட்டைக் கம்பித் தடத்தில், யாராவது கூப்பிடும்வரை சும்மா இருக்கும். இன்ன முகவரியில் இன்ன சிப் இருக்கிறது என்று லினக்ஸ் கெர்னலுக்கு ஒருவர் எழுதிக்கொடுக்க வேண்டும். அந்தக் கோப்புதான் டிவைஸ் ட்ரீ. அதில் எதை எந்தச் சொல்லால் எழுதலாம் என்ற விதிமுறைக்குப் பெயர் பைண்டிங்.

2016இல் வந்த ராஸ்பெரி பை கேமரா மாட்யூல் 2-ஐ எடுத்துக்கொள்வோம். உள்ளே சோனியின் ஐஎம்எக்ஸ்219 என்ற 8 மெகாபிக்சல் சென்சர். ஹெக்ஸ் கணக்கில் 10 என்பது அதன் முகவரி. 24 மெகாஹெர்ட்ஸ் கிளாக் வேண்டும், 2.8, 1.8, 1.2 வோல்ட் என மூன்று சப்ளை வேண்டும். இவற்றைக் கொடுத்து எழுப்பி, நீ யார் என்று டிரைவர் கேட்டால் 0219 என்று பதில் வரும். ஆள் சரிதான்.

ஆனால் சிப்புக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தன்னிடமிருந்து எத்தனை கம்பி இழுத்திருக்கிறார்கள், தன்னை எந்தப் பக்கமாகத் திருப்பி ஒட்டியிருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. போர்டைச் செய்தவருக்குத்தான் தெரியும்.

படத்தை அனுப்ப இந்தச் சிப்பில் நான்கு லேன் உண்டு. பை மாட்யூலில் இணைத்திருப்பது இரண்டுதான். லேனுக்கு விநாடிக்கு 912 மெகாபிட் வீதம் இரண்டிலும் சேர்த்து 18 கோடியே 24 லட்சம் பிக்சல் போகும். நான்கு என்று தவறாக எழுதினால், கம்பியே இல்லாத லேனிலும் சிப் தரவை அனுப்பும்; படம் வராது. லினக்ஸ் டிரைவர் தொடக்கத்தில் இரண்டு லேனை மட்டுமே அறிந்திருந்தது. ஆனாலும் பைண்டிங்கில் அப்போதே நான்கும் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. டிரைவர் நாளைக்கு வளரும். செம்புக் கம்பி வளராது. விவரிக்க வேண்டியது கம்பியைத்தான்.

அதிகம் தடுக்கிவிழும் இடம் சுழற்சி. பை மாட்யூலுக்கு ராஸ்பெரி பை தரும் கோப்பில் 180 பாகை என்று இருக்கிறது, அதாவது சென்சர் தலைகீழாக இருக்கிறது. லினக்ஸில் கேமராக்களைக் கையாளும் லிப்கேமரா என்ற மென்பொருள் இதைப் படித்துப் படத்தை நிமிர்த்திக் கொடுக்கும். இதற்குப் பதிலாக, கோப்பில் 0 என்று விட்டுவிட்டு டிரைவருக்குள்ளேயே கமுக்கமாகப் புரட்டிவிடும் ஆசை பலருக்கு வரும். அன்றைக்குப் படம் நேராகத் தெரியும். அதே டிரைவரை, சென்சர் நேராக இருக்கும் இன்னொரு போர்டில் ஓட்டினால் தலைகீழாகிவிடும். வண்ணமும் சிக்கும்: ஐஎம்எக்ஸ்219 பிக்சல்களைச் சிவப்பில் தொடங்கித் தருகிறது, இரு திசையிலும் புரட்டினால் நீலத்தில் தொடங்கும். புரட்டியதைச் சொல்லாமல் விட்டால் சிவப்பும் நீலமும் இடம் மாறி, தக்காளி நீலமாகிவிடும்.

மாட்யூலை நீங்கள் உங்கள் பெட்டிக்குள் தலைகீழாகத் திருப்பி மாட்டினால், சென்சர் நிமிர்ந்துவிடும். அன்றைக்கு அந்த வரியை 0 என்று மாற்றுங்கள். டிரைவரில் ஓர் எழுத்தையும் தொட வேண்டியதில்லை.