மலிவு விஸ்கிக்கு ஒரு கணக்கு: போத்தலுக்குள் இருக்கும் வேதியியல்



சில வாரங்களுக்கு முன், வேதியியல் பாடம் முடிந்து வகுப்பை விட்டு வெளியேறும்போது ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர் என்னை நிறுத்தினார். "சார், என் சித்தப்பா பெர்மாஸ் ஜெயா பக்கம் கட்டுமான வேலை செய்கிறார். அங்கே ஒருவரிடம் ஸ்காட்ச் விஸ்கி போத்தல் ஒன்றை 25 ரிங்கிட்டுக்கு வாங்கி வந்திருக்கிறார். தீபாவளிக்கு வைத்திருக்கிறாராம். கடையில் இதைவிடப் பல மடங்கு விலை. அது நல்ல சரக்குதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்தாம் படிவ வேதியியல் புத்தகத்தில் 'கார்பன் சேர்மங்கள்' என்று ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்தால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம் என்று சொல்லத் தகுந்த கேள்வி அது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 2017 டிசம்பர் 1 முதல், 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. வயது நிரம்பியவருக்கும் மது நன்மை செய்வதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988ஆம் ஆண்டிலேயே மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. எனவே யாரையும் குடிக்கச் சொல்ல நான் இதை எழுதவில்லை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குடிக்கிற பெரியவர் ஒருவர் இருக்கலாம். அவருக்காக எழுதுகிறேன்.

ஸ்காட்ச் என்பது என்ன?

வாற்கோதுமை போன்ற தானியம், தண்ணீர், ஈஸ்ட் ஆகிய மூன்றும்தான் மூலப்பொருள்கள். முளைகட்டிய தானியத்தில் உள்ள நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை எத்தனாலாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாற்றுகிறது. இதுதான் நீங்கள் படிக்கும் நொதித்தல்.

அடுத்தது காய்ச்சி வடித்தல். எத்தனால் ஏறத்தாழ 78 பாகை செல்சியஸில் கொதிக்கும். தண்ணீருக்கு 100 பாகை வேண்டும். இந்த வேறுபாட்டால், முதலில் எழும் ஆவியில் எத்தனால் அதிகமாக இருக்கும். அதைக் குளிர்வித்துச் சேகரிக்கிறார்கள்.

வடித்தெடுத்த திரவம் தண்ணீர் போல நிறமற்றது. அதை ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது 3 ஆண்டுகள் ஊறவைத்த பிறகுதான் ஸ்காட்ச் என்று அழைக்கலாம். போத்தலில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இவை பிரிட்டனின் சட்ட விதிகள்.

பீப்பாய் மூச்சு விடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிப் போகிறது. 100 லிட்டர் ஊற்றி 12 ஆண்டுகள் காத்திருந்தால் கையில் மிஞ்சுவது ஏறத்தாழ 78 லிட்டர். பழைய சரக்கு விலை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேர்மையான மலிவு

அப்படியானால் மலிவான நல்ல ஸ்காட்ச் என்று ஒன்று இருக்கவே முடியாதா? இருக்கிறது, அதற்கும் அறிவியல் காரணம் உண்டு.

பழைய முறையில் செம்புப் பானையில் ஒவ்வொரு முறையும் ஊற்றிக் காய்ச்சி வடிக்க வேண்டும். 1830ஆம் ஆண்டு அயர்லாந்துக்காரரான ஈனியஸ் காஃபி, இடைவிடாமல் வடிக்கும் உயரமான கோபுர வடிகலனுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு பக்கம் நொதித்த திரவம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மறுபக்கம் ஆல்கஹால் வந்துகொண்டே இருக்கும். செலவு குறைந்தது. கோதுமை, சோளம் போன்ற விலை குறைந்த தானியங்களும் பயன்பட்டன. இப்படி வடித்ததை வாற்கோதுமை விஸ்கியோடு கலந்து விற்கிறார்கள். குறைவான ஆண்டுகள் ஊறியது, பெருமளவில் தயாரிப்பது, கலவை விஸ்கி: இவை நேர்மையான மலிவுக்குக் காரணங்கள்.

ஆனால் அந்த மலிவுக்கும் ஓர் அடிமட்டம் உண்டு. அதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்.

42 ரிங்கிட் கணக்கு

நம் நாட்டில் மதுவுக்குக் கலால் வரி உண்டு. 2016 மார்ச் மாதம் கொண்டுவரப்பட்ட முறைப்படி, விஸ்கிக்கு அதில் உள்ள தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 150 ரிங்கிட் என்று வைக்கப்பட்டது. இந்த விகிதத்தையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம்.

போத்தலின் அளவு 700 மில்லிலிட்டர், அதாவது 0.7 லிட்டர். ஆல்கஹால் 40 விழுக்காடு. தூய ஆல்கஹால்: 0.7 × 0.40 = 0.28 லிட்டர். வரி: 0.28 × 150 = 42 ரிங்கிட்.

இது கலால் வரி மட்டும். தானியம், பீப்பாய், போத்தல், கப்பல், கடைக்காரரின் இலாபம் எதுவும் இன்னும் சேரவில்லை. அப்படியிருக்க, முழுப் போத்தலும் 25 ரிங்கிட்டுக்கு எப்படிக் கிடைத்தது?

லங்காவி போன்ற வரியில்லாத தீவில் விலை குறைவுதான். ஆனால் பெர்மாஸ் ஜெயா தீவு இல்லையே! இங்கே 25 ரிங்கிட் என்றால் இரண்டு வாய்ப்புகள்தாம். ஒன்று, வரி கட்டாத கடத்தல் சரக்கு. மற்றொன்று, போத்தலும் ஒட்டுத்தாளும் மட்டும் விஸ்கி. உள்ளே இருப்பது வேறு. எதுவாக இருந்தாலும், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை.

ஒரு கார்பன் வித்தியாசம்

உள்ளே இருக்கக்கூடிய 'வேறு' எது? மிக ஆபத்தானது மெத்தனால்.

ஆல்கஹால் குடும்பத்தில் மெத்தனால் மூத்த பிள்ளை. அதற்கு ஒரே ஒரு கார்பன் அணு. எத்தனாலுக்கு இரண்டு. இரண்டும் நிறமற்றவை, தண்ணீரில் முழுமையாகக் கலப்பவை; வாசனையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மெத்தனால் கெட்ட பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்சாலைகளுக்கு அது தேவை. லாபுவானில் பெட்ரோனாஸ் நிறுவனம் இயற்கை எரிவாயுவிலிருந்து அதைத் தயாரிக்கிறது. செம்பனை எண்ணெயை பயோடீசலாக மாற்றவும் மெத்தனால் வேண்டும். சாயம், கரைப்பான், பசை என்று பல இடங்களில் பயன்படுகிறது. ஆனால் அது குடிப்பதற்கான பொருள் இல்லை என்பதால், அதற்கு மது வரியும் இல்லை. ஏமாற்றுக்காரர்கள் இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரங்களில் மலிவு மது குடித்தவர்கள் வரிசையாக மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் நேபாளம், வங்காளதேசம், மியன்மார், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இரண்டு இடங்களிலும் காரணம் மெத்தனால். இரண்டு இடங்களிலும் இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்து, மலிவானதைத் தேடியவர்கள்.

எறும்பும் ரப்பர் பாலும்

மெத்தனால் உடலுக்குள் போனதும் என்ன நடக்கிறது? இங்கேதான் ஒரு வியப்பு: மெத்தனால் தானே பெரிய நஞ்சு இல்லை. நம் கல்லீரல்தான் அதை நஞ்சாக மாற்றுகிறது.

கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. ஆய்வுக்கூடத்தில் தவளையைப் பாதுகாத்து வைத்திருக்கும் கண்ணாடிக் குடுவையில் இருக்கிறதே ஃபார்மலின், அது இந்தப் பொருளின் கரைசல்தான். அடுத்து வேறொரு நொதி அதை ஃபார்மிக் அமிலமாக, அதாவது மெத்தனாயிக் அமிலமாக மாற்றுகிறது.

இந்த அமிலம் உங்கள் குடும்பத்துக்குப் பழக்கமானதாகவே இருக்கும். எறும்பு கடித்தால் எரிகிறதே, சில வகை எறும்புகள் பீய்ச்சுவது இதைத்தான். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். வாளியில் கொண்டுவந்த ரப்பர் பாலை உறையவைக்க ஊற்றிய திராவகமும் இதேதான்.

ரப்பர் பாலுக்கு நல்லது. மனித உயிரணுவுக்குக் கேடு. உயிரணுவின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் முக்கியமான நொதி ஒன்றை ஃபார்மிக் அமிலம் தடுத்துவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உயிரணு அதைப் பயன்படுத்த முடியாமல் திணறும். அதிகச் சக்தி தேவைப்படும் பார்வை நரம்பு முதலில் அடிவாங்கும். 10 மில்லிலிட்டர் மெத்தனாலே பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லிலிட்டர் உயிரையே பறிக்கலாம். இரண்டு மேசைக்கரண்டி அளவுதான்.

இந்த மாற்றம் மெதுவாக நடப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. குடித்த அன்று சாதாரண போதை போலவே இருக்கும். ஏறத்தாழ 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போன்ற மங்கல் பார்வை எல்லாம் வரும். நல்ல மதுவும் சேர்ந்து குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். "நேற்று அதிகமாகிவிட்டது, தூங்கினால் சரியாகும்" என்று படுத்தவர்கள் பலர் எழுந்திருக்கவில்லை.

பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. "கொளுத்தினால் நீலமாக எரிந்தால் நல்லது" என்று சிலர் சொல்வார்கள். எத்தனாலும் நீலமாகத்தான் எரியும், மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். குலுக்கி நுரை பார்ப்பது, முகர்வது, நாக்கில் தொட்டுப் பார்ப்பது எதுவும் உதவாது. ஆய்வுக்கூடத்தில் வாயு குரோமட்டோகிராபி போன்ற கருவியால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

சாதாரண மனிதரிடம் இருக்கும் கருவிகள் வேறு. உரிமம் பெற்ற கடையா? சுங்கத் துறையின் வரி முத்திரை போத்தலில் இருக்கிறதா? மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா? ஒட்டுத்தாளில் எழுத்துப் பிழை உண்டா? இவை எல்லாவற்றையும் போலியாகச் செய்யலாம். ஆனால் விலைக் கணக்கை ஏமாற்றுவது கடினம். வரியைவிடக் குறைந்த விலைக்கு வரி கட்டிய போத்தலை யாரும் விற்க மாட்டார்கள்.

யாராவது குடித்துவிட்டால்

உடனே 999 எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். நம் பகுதிக்குச் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை இருக்கிறது. அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். மிச்சமிருக்கும் போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள். கூடக் குடித்தவர்கள் யார் யார் என்று கேட்டு அவர்களுக்கும் சொல்லுங்கள். அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்.

மருத்துவர்களிடம் மாற்று மருந்து உண்டு. ஃபோமெபிசோல் என்ற மருந்து, முன்பு சொன்ன கல்லீரல் நொதியைத் தடுத்துவிடும். அது கிடைக்காத இடத்தில் எத்தனாலையே அளந்து கொடுப்பார்கள். அந்த நொதி மெத்தனாலைவிட எத்தனாலோடு பல மடங்கு எளிதாகச் சேரும். பூட்டுக்குள் வேறு சாவி நுழைந்துவிட்டால் திருடனின் சாவி வெளியே நிற்பது போல, மெத்தனால் மாறாமல் காத்திருக்கும். அதற்குள் டயாலிசிஸ் செய்து இரத்தத்திலிருந்து அதை வெளியேற்றிவிடுவார்கள். "அப்படியானால் வீட்டிலேயே பீர் கொடுக்கலாமே" என்று நினைக்காதீர்கள். இரத்தத்தில் அளவு பார்த்து, மணிக்கணக்கில் கண்காணித்துச் செய்யும் சிகிச்சை அது. அமிலம் ஏற்கெனவே உருவாகியிருந்தால் அதற்கும் தனிச் சிகிச்சை வேண்டும்.

பலர் மருத்துவமனைக்குப் போகத் தயங்குவதற்குக் காரணம் வெட்கமும் பயமும்தான். "குடித்தேன் என்று எப்படிச் சொல்வது? போலீஸ் வருமா?" என்று யோசிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் கல்லீரல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் திட்டாதீர்கள். வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட மாணவர் அடுத்த வாரம் வந்தார். 42 ரிங்கிட் கணக்கை நோட்டில் எழுதிச் சித்தப்பாவிடம் காட்டினாராம். "எனக்கே பாடம் எடுக்கிறாயா?" என்று முதலில் கோபப்பட்டாராம். இரண்டு நாள் கழித்து, விற்றவரிடம் போய் "எங்கே வாங்கினாய்?" என்று கேட்டிருக்கிறார். சரியான பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து போத்தலைத் திறந்து கீழே ஊற்றிவிட்டாராம். 25 ரிங்கிட் போனது பற்றி இன்னும் முணுமுணுக்கிறாராம்.

அந்தப் போத்தலில் மெத்தனால் இருந்ததா? எனக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கும் தெரியாது, விற்றவருக்கும்கூடத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரியாத திரவத்தைத் தொண்டைக்குள் ஊற்றிச் சோதனை செய்ய வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இந்த வாரப் பயிற்சி: 350 மில்லிலிட்டர் போத்தல், 43 விழுக்காடு ஆல்கஹால். மேலே சொன்ன விகிதப்படி கலால் வரி எவ்வளவு? 22 ரிங்கிட் 58 சென் வந்தால் உங்கள் கணக்கு சரி. வீட்டில் குடிப்பவர் யாராவது இருந்தால், அவர் நிதானமாக இருக்கும் நேரம் பார்த்து இந்தக் கணக்கை அவரிடமே போடக் கொடுங்கள்.