பாக்கெட் தீனிக்கு நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?



சில மாதங்களுக்கு முன் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக் கொண்டிருந்தோம். மளிகைக் கடை வைத்திருக்கும் இளைய உறுப்பினர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு சங்கடத்தைச் சொன்னார். அவர் கடைக்கு வந்த ஆசிரியர் ஒருவர், வாசலில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளைக் காட்டி, "பிள்ளைகளுக்கு விஷத்தை விற்கிறீர்களே, மனசு உறுத்தவில்லையா?" என்று கேட்டுவிட்டாராம். நாலு பேர் முன்னால் கேட்டதால் இவருக்கு முகம் வாடிவிட்டது. "ஐயா, நூடுல்ஸ், சிப்ஸ், கிரீம் பிஸ்கட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கம்பு, வரகு, சாமை மட்டும் வைத்துவிடலாமா?" என்று நம்மிடம் கேட்டார். அந்த நேரம் நமது வலது கையில் ஒரு குளுக்கோஸ் பிஸ்கட், டீயில் பாதி நனைந்த நிலையில் இருந்தது. பதில் சொல்வதற்குள் அது கிளாசுக்குள் விழுந்துவிட்டது.

அன்று சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஓர் உண்மை. இந்தச் சரக்கை நாம் விற்பதோடு நிற்கவில்லை; விரும்பிச் சாப்பிடுகிறவர்கள். டீக்கடைப் பொறை, பன் பட்டர் ஜாம், விரலில் மாட்டிக்கொண்டு கடிக்கும் குடல் அப்பளம், பாக்கெட் சேமியாவில் செய்த உப்புமா, மழை நாளில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் எல்லாம் நமக்குப் பிடிக்கும். சர்க்கரை நோய் வந்த பிறகு வீட்டில் காவல் பலமாகிவிட்டது. பிடித்தம் மட்டும் குறையவில்லை. பெரிய ஓட்டலில் விருந்து சாப்பிட்டதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள், இரவு பத்து மணிக்கு டீயும் பன்னும் சாப்பிட்டதைச் சொல்லக் கூசுகிறார்கள். ஏன் என்பது நமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நமது ஊர் தறி ஊர். நாம் மொத்த வியாபாரம் தொடங்கிய காலத்தில் திருவள்ளூர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. அது 1997-ல்தான் பிரிந்தது. அதற்கு முன் செங்கல்பட்டு மாவட்டக் கணக்கில் இருந்தோம். அன்றும் சரி இன்றும் சரி, பொதட்டூர்பேட்டைக் கடைக்காரருக்குத் தறி ஓடினால்தான் வியாபாரம். இரவில் விசைத்தறி ஓட்டுகிறவர் பாவு அறுந்தால் உடனே முடிய வேண்டும். கையில் சாம்பார் வழியும் சாப்பாடு அந்த இடத்துக்கு ஆகாது. துணியில் கறை பட்டால் கூலியில் பிடிப்பார்கள். ஒரு கையால் எடுத்து, ஒட்டாமல் கொட்டாமல், இரண்டு நிமிடத்தில் முடிக்கக்கூடிய தீனி பிஸ்கட்டும் பன்னும்தான். அவர் அதைச் சோம்பேறித்தனத்தால் வாங்கவில்லை. அவருடைய வேலையின் அமைப்பு அப்படி. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கடை வைத்திருக்கும் நமது உறவினர் ஒருவர் சொல்வதும் இதேதான். வடமாநிலத்திலிருந்து வந்து ஓர் அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் பிள்ளைகள், ஷிப்ட் முடிந்து வந்து ஒரே பாத்திரத்தில் நூடுல்ஸ் போட்டுப் பகிர்ந்து கொள்கிறார்கள். அவர்களிடம் போய் வரகரிசிக் கஞ்சியின் பெருமையைப் பேச முடியுமா?

நாம் கேவலமாக நினைக்கும் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. பார்லே நிறுவனம் 1929-ல் பம்பாயில் விலே பார்லே என்ற இடத்தில் மிட்டாய் செய்யத் தொடங்கியது. பத்தாண்டுகள் கழித்துத்தான் பிஸ்கட்டுக்கு வந்தது. அதுவரை பிஸ்கட் என்றால் வெள்ளைக்காரர் வீட்டுச் சமாச்சாரம். அதைச் சாதாரண இந்தியன் வாங்கும் விலைக்குக் கொண்டு வந்ததுதான் அதன் சாதனை. 1980-களில் பார்லே-ஜி என்று பெயர் மாறியது. 2011-ல் உலகிலேயே அதிகம் விற்கும் பிஸ்கட் அதுதான் என்று நீல்சன் கணக்கெடுப்பு அறிவித்தது. உறை மேல் இருக்கும் குழந்தை யார் என்று நமது கடைகளில் எத்தனையோ கதைகள் உலவின. அது 1960-களில் ஓர் ஓவியர் வரைந்த சித்திரமே தவிர யாருடைய படமும் அல்ல என்று நிறுவனமே சொல்லிவிட்டது. ஆனாலும் பழைய வாடிக்கையாளர்கள் நம்பமாட்டார்கள்.

பெங்களூர் எம்.டி.ஆர். கதையும் வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியது. 1975-ல் நெருக்கடி நிலைக் காலத்தில் ஓட்டல் பண்டங்களுக்கு அரசு மிகக் குறைந்த விலை நிர்ணயித்தது. கட்டுப்படியாகாத நிலையில், ஊழியர்களை வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல், ரவா இட்லி போன்றவற்றை மாவாகக் கலந்து பாக்கெட்டில் விற்கத் தொடங்கினார்கள். இன்று நமது அலமாரியில் இருக்கும் திடீர் மாவு வகைகளுக்கு அந்தச் சங்கடமும் ஒரு தாய்.

நூடுல்ஸ் விஷயத்துக்கு வருவோம். ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ என்பவர் 1958-ல் இதைக் கண்டுபிடித்தார். போருக்குப் பின் மக்கள் உணவுக்காக வரிசையில் நின்றதைப் பார்த்த மனிதர் அவர். மாவைப் பிசைந்து இழையாக்கி, ஆவியில் வேகவைத்து, பிறகு எண்ணெயில் சிறிது நேரம் பொரிப்பார்கள். பொரியும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறி, இழை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத துவாரங்களை விட்டுச் செல்லும். கொதிநீரில் போட்டதும் அந்தத் துவாரங்கள் வழியே நீர் உள்ளே புகுந்துகொள்ளும். இரண்டு நிமிட வித்தை இவ்வளவுதான். ஈரம் இல்லாததால் கெடுவதில்லை. நமது வீட்டு வடகமும் வற்றலும் இதே தத்துவம்தானே. வெயில் செய்த வேலையை அங்கே எண்ணெய் செய்கிறது.

இந்தியாவுக்கு மேகி 1983-ல் வந்தது. நமது பக்கத்துக் கடைகளுக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. முதல் பெட்டியைப் பிரித்தபோது ஒரு வாடிக்கையாளர் அம்மா, "இது என்ன, இடியாப்பத்தைக் காயவைத்து விற்கிறார்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பெரிய தவறு ஒன்றும் இல்லை.

பிறகு 2015 வந்தது. உத்தரப்பிரதேசத்தில் பாராபங்கி என்ற ஊரில் எடுத்த மாதிரியைக் கொல்கத்தா ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, ஈயம் 17.2 பி.பி.எம். இருப்பதாக முடிவு வந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 2.5 பி.பி.எம். ஜூன் 4-ஆம் தேதி தமிழக அரசு மேகியையும் வேறு மூன்று நூடுல்ஸ் வகைகளையும் மூன்று மாதத்துக்குத் தடை செய்தது. மறுநாள் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் மேகியைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. நாமும் கிடங்கில் இருந்த பெட்டிகளைத் தனியே அடுக்கி, "விற்பனைக்கு அல்ல" என்று சீட்டு ஒட்டி வைத்தோம். திரும்பிய சரக்கு முப்பதாயிரம் டன்னுக்கு மேல் அழிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி சிமெண்ட் ஆலைச் சூளைகளில் எரிந்தது. ஆகஸ்ட் 13-ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சோதனை நடந்த கூடங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை, நிறுவனத்தின் விளக்கத்தைக் கேட்கவில்லை என்பவை காரணங்கள். மொகாலி, ஜெய்ப்பூர், ஐதராபாத் ஆகிய மூன்று ஊர்களில் மறுசோதனை நடந்து, ஈயம் வரம்புக்குள் இருப்பதாகத் தெரிந்தது. நவம்பரில் சரக்கு மீண்டும் வந்தது. அரசு தொடுத்த 640 கோடி ரூபாய் இழப்பீட்டு வழக்கும் 2024 ஏப்ரலில் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் தள்ளுபடியானது.

அந்த ஐந்து மாதத்தில் நாம் கண்டது ஒன்று. பயந்துபோய் வாங்காதவர்களைவிட, "எப்போது வரும்?" என்று கேட்டவர்களே அதிகம். மீண்டும் வந்த அன்று ஒரு தறிக்காரர் பண்டிகைக்குத் துணி எடுப்பதுபோல ஒரு டஜன் வாங்கிப் போனார்.

இந்த இடத்தில் நமது குறையையும் சொல்லிவிட வேண்டும். தொழிலின் ஆரம்ப காலத்தில் காலாவதி தேதி நெருங்கிய பெட்டிகளைப் புதுப் பெட்டிகளுக்கு நடுவே வைத்துச் சில்லறைக் கடைகளுக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறோம். அப்போது அது எல்லோரும் செய்த காரியம். ஒருநாள் ஒரு சிறு கடைக்காரர், மக்கிப்போன ரஸ்க் பாக்கெட்டுகளை நமது மேசையில் கொட்டி, "முதலாளி, இதை என் பேரன் சாப்பிட்டான்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி நம்மிடம் வரவும் இல்லை. அன்றிலிருந்து பழைய சரக்கு முன்னே, புதிய சரக்கு பின்னே என்று அடுக்குகிறோம். ஒரு சிப்ஸ் கம்பெனி காலாவதிச் சரக்கைத் திரும்ப எடுக்காமல் இழுத்தடித்தபோது, நமது கைப்பணம் போட்டே அதைக் குப்பைக்கு அனுப்பினோம். கம்பெனி பெயர் வேண்டாம்.

சட்டமும் இப்போது கடுமையாக இருக்கிறது. 2006-ல் இயற்றி 2011-ல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, காலாவதிச் சரக்கை விற்றவரே பொறுப்பு. அதே சட்டத்தில் நமக்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. நாம் தரும் பில்லே, சரக்கின் தரத்துக்கு எழுத்து மூலமான உத்தரவாதம் என்று கருதப்படும். ஆகவே பில் இல்லாத சரக்கு நாலு காசு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பள்ளிக்கூடம் அருகே கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விவரம்: கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-ல் விதி வந்துள்ளது. அந்த ஆசிரியர் இதை எடுத்துச் சொல்லியிருந்தால் அவர் பக்கம் நியாயம் இருந்திருக்கும். நமது இளைய உறுப்பினரின் கடை வாசலிலிருந்து எத்தனை மீட்டர் என்று அவர்தான் அளந்து பார்க்க வேண்டும்.

வைக்கும் முறையும் முக்கியம். பிஸ்கட்டில் ஈரம் மிகக் குறைவு, கொழுப்பு உண்டு. ஈரம் குறைந்த பொருள் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கொழுப்பு பக்கத்தில் இருப்பதன் வாசனையை இழுக்கும். சோப்பு, ஊதுவத்தி, பெருங்காயம், அந்துருண்டை ஆகியவற்றின் பக்கத்தில் பிஸ்கட்டை அடுக்கிவிட்டு, கம்பெனி தரம் குறைந்துவிட்டது என்று நம்மிடம் சண்டைக்கு வருகிறார்கள்! நூடுல்ஸும் சிப்ஸும் எண்ணெயில் பொரித்தவை என்பதால் வெயில் ஆகாது, சிக்கு வாடை வந்துவிடும். மேற்குப் பார்த்த கடைக்காரர்கள் மதியத்துக்கு மேல் சரத்தைக் கழற்றி உள்ளே மாட்டுவது நல்லது.

இவை எல்லாம் உடம்புக்கு நல்லதா என்றால், இல்லை என்றே சொல்வோம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நூடுல்ஸ் பாக்கெட் அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பிஸ்கட்டைக் கரைத்துக் கொடுக்கும் பெண்களிடம், வேண்டாம் அம்மா என்று நாமே சொல்லியிருக்கிறோம். ஆனால் சோற்றுக்கு நடுவே வரும் ஒரு தீனியை விஷம் என்பது வேறு பேச்சு. நூடுல்ஸ் மசாலாவின் ருசிக்குக் காரணமாகச் சொல்லப்படும் குளுட்டமேட் தக்காளியிலும் இயற்கையாகவே இருக்கிறது. பிஸ்கட் அடுப்பில் சிவந்து மணப்பதும், தோசையின் ஓரம் முறுகி மணப்பதும் ஒரே ரசாயனம்தான்.

2020 ஊரடங்கில் தறிகள் நின்றன. கடைகள் மதியம் ஒரு மணி வரைதான். அரிசி ரேஷனில் கிடைத்தது. குழந்தைகள் கேட்டது பிஸ்கட். கையில் காசில்லாத வாரங்களில் கடன் நோட்டில் அதிகம் ஏறியது 5 ரூபாய் பாக்கெட்டுதான். அந்த ஏப்ரல், மே மாதங்களில் தங்கள் விற்பனை எண்பது ஆண்டுகளில் காணாத அளவு இருந்தது என்று பார்லே நிறுவனமே சொன்னது. ஒரு காலத்தில் 100 கிராம் இருந்த சிறு பாக்கெட் 55 கிராம் அளவுக்கு இளைத்துவிட்டது என்பதும் உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, 5 ரூபாய் பாக்கெட் 4 ரூபாய் 45 காசு என்று விலைப்பட்டியல் வந்ததே, நினைவிருக்கிறதா? 55 காசு சில்லறைக்கு எங்கே போவது என்று நமது உறுப்பினர்கள் பட்ட பாட்டைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

நமது தாயார் கடைசி மூன்று வாரம் சோறு இறங்காமல் கிடந்தார். என்ன வேண்டும் என்று கேட்டால் கை நீட்டுவார். பாலில் நனைத்த குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்று. அதையும் நனைத்த உடனே எடுத்துவிட வேண்டும், ஊறிவிட்டால் வேண்டாம் என்று தலையாட்டிவிடுவார். கிடங்கு நிறையச் சரக்கு வைத்திருந்தும், அவருக்கென்று ஒரு பாக்கெட்டைத் தனியே தலைமாட்டில் வைத்திருந்தோம்.

இளைய உறுப்பினருக்குச் சொல்வது: கம்பும் சாமையும் தாராளமாக வையுங்கள், நாமே நல்ல விலைக்குத் தருகிறோம். பிஸ்கட் சரத்தைக் கழற்ற வேண்டாம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகிற கூட்டம் நமது சாலை வழியாகவும் வரும். பத்து நாள் முன்னதாகவே ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.