புற்றுக்கட்டியினுள் நிர்ப்பீடனக் கலங்கள்: வாய்ப்புற்றின் போக்கை உணர்த்தும் ஒரு குறிகாட்டி

விருந்தினர்முன் வெற்றிலைத் தட்டத்தை வைத்து உபசரிப்பது இலங்கையின் எல்லாச் சமூகத்தாரிடத்தும் நிலைபெற்ற வழக்கமாகும். ஆயினும் அத்தட்டத்திலுள்ள பொருள்கள் பற்றி மருத்துவ உலகம் தெளிவான முடிவுக்கு வந்துள்ளது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு மனிதரிற் புற்றுநோயை உண்டாக்கும் என 1985இல் அறிவித்தது. புகையிலை சேராத பாக்கும் அத்தகையதே என்பதை 2004இல் வெளியிட்ட நூலில் அது நிறுவியது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகப் பதிவாகும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னிற்பதற்கு இப்பழக்கமே தலையாய காரணமாகும். மீன்பிடியையும் தோட்டச் செய்கையையும் நம்பி வாழும் கற்பிட்டிக் குடாநாட்டில், 1990இல் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பலருக்கும் புகலிடமாகிய ஆலங்குடா போன்ற கிராமங்களுக்கும் இது புறம்பான செய்தி அன்று.

வாய்ப்புற்றுக்கு ஆளான இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரின் கட்டியும் ஒரே பருமனுடையது. ஒரே நிலையிற் கண்டறியப்பட்டது. ஒரே வகையான சத்திரசிகிச்சையும் செய்யப்பட்டது. எனினும் ஒருவர் பல்லாண்டுகள் நலமாக வாழ்கின்றார்; மற்றவருக்கு ஓராண்டுக்குள் நோய் மீள்கின்றது. இவ்வேறுபாட்டை முன்கூட்டியே உணர்த்தக்க அடையாளம் யாது? கட்டியினுள் புகுந்துள்ள நிர்ப்பீடனக் கலங்களை எண்ணுவது இவ்வினாவுக்கு ஒரு விடையாக வளர்ந்து வருகின்றது. அம்முறையின் அடிப்படையையும், நமது சூழலில் அதற்குள்ள பயனையும் எல்லையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டியினுள் நிகழும் போர்

புற்றுக்கட்டி புற்றுக்கலங்களின் குவியல் மட்டுமன்று. அதனுள் குருதிக் குழாய்களும் தொடுப்பிழையமும் பலவகை வெண்கலங்களும் உள்ளன. கட்டிகளுள் வெண்கலங்கள் காணப்படுவதை ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடோல்ப் விர்க்கோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டு எழுதினார். அவை அங்கே ஆற்றும் பணி யாது என்பது பின்னரே தெளிவாயிற்று.

புற்றுக்கலத்தின் பரம்பரை அலகுகள் மாற்றமடைந்திருத்தலால், உடலுக்கு அந்நியமான புரதத் துண்டுகள் அதன் மேற்பரப்பில் தோன்றும். அவற்றை இனங்கண்டு அக்கலத்தை அழிக்க வல்லவை சீ.டீ.8 எனப்படும் ரீ-நிணநீர்க்கலங்கள். புற்றுக்கலமும் வாளாவிருப்பதில்லை. பீ.டீ.-எல்.1 என்னும் புரதத்தைத் தன் மேற்பரப்பில் நிறுத்தி, தாக்க வரும் கலத்தை அடக்கிவிடுகின்றது. நிர்ப்பீடனத்தைத் தணிக்கும் வேறுவகை ரீ-கலங்களும், கட்டியின் வளர்ச்சிக்குத் துணைபோகும் பெருவிழுங்கிக் கலங்களும் அங்கே உள. எனவே கட்டியினுள் வெண்கலங்கள் உள்ளன என்பதனாலேயே உடல் வெல்கின்றது எனக் கொள்ளலாகாது.

ஆலங்குடாக் கரையில் நின்று கடலிலுள்ள தோணிகளை எண்ணும் ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். தொகையை மட்டும் கூறினால் அன்றைய மீன்பாட்டை மதிப்பிட முடியாது. எவை வலை வீசுகின்றன, எவை வெறுமனே நிற்கின்றன, மீன் உள்ள இடத்திலா அன்றி அப்பாலா நிற்கின்றன என்பனவும் தெரிய வேண்டும். அவ்வாறே நிர்ப்பீடனக் கலங்களின் வகை, செறிவு, இருப்பிடம் ஆகிய மூன்றும் அறியப்பட வேண்டும்.

எண்ணும் முறைகள்

இம்மூன்றின் முக்கியத்துவத்தைப் பாரிசைச் சேர்ந்த ஜெரோம் காலோனும் அவர்தம் குழுவினரும் 2006இல் பெருங்குடற்புற்றில் நிறுவினர். பின்னர் அவர்கள் வகுத்த நிர்ப்பீடனப் புள்ளிமுறையில், கட்டியின் நடுவிலும் அது பரவிச் செல்லும் விளிம்பிலும் சீ.டீ.3, சீ.டீ.8 கலங்கள் தனித்தனியே எண்ணப்படுகின்றன. பதின்மூன்று நாடுகளைச் சேர்ந்த நிலையங்கள் இதனைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டன. அவற்றுள் அகமதாபாத்திலுள்ள குஜராத் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் ஒன்று. புள்ளி உயர்ந்த நோயாளரிடம் நோய் மீளுதல் குறைவாக இருந்தமை அதிற் புலனாயிற்று.

இம்முறைக்குச் சிறப்புப் பிறபொருளெதிரிகளும் கணினிக் கருவிகளும் தேவை. இவை இல்லாத மருத்துவமனைகளுக்கு உகந்த எளிய முறையை மார்புப்புற்று ஆய்வாளர்களின் சர்வதேசக் குழு ஒன்று 2014இல் வகுத்தது. நோயை உறுதி செய்வதற்கென ஈமற்றொட்சிலின்–இயோசின் சாயமிட்ட அதே இழையத்துண்டை நோயியல் வல்லுநர் நுணுக்குக்காட்டியில் நோக்குகின்றார். கட்டியின் எல்லைக்குள் உள்ள தொடுப்பிழையப் பரப்பில், நிணநீர்க்கலங்களும் அவற்றின் இனமான பிளாஸ்மாக் கலங்களும் எத்தனை வீதத்தை நிரப்பியுள்ளன என மதிப்பிடுகின்றார். அழுகிய பகுதிகள் தவிர்க்கப்படும். மிகச் செறிந்த ஓரிடத்தை மட்டும் தெரிந்தெடுக்காது, முழுப்பரப்பின் சராசரியே கொள்ளப்படும். இதற்குப் புதிய கருவியோ மேலதிகச் சாயமோ வேண்டியதில்லை. பயின்ற கண்ணும் ஒழுங்கான பதிவுமே வேண்டும்.

வாய்ப்புற்றில் இதன் நிலை

நாக்குப்புற்றில் இவ்வெளிய முறையைப் பின்லாந்து ஆய்வாளர் முதலியோர் கையாண்டு, தொடுப்பிழையத்தில் நிணநீர்க்கலங்கள் குறைந்தோரின் எதிர்காலம் பொதுவாக மோசமானது எனக் காட்டியுள்ளனர். ஆயினும் வாய்ப்புற்றில் இம்முறையைக் கையாள்வோர் சில இடர்ப்பாடுகளை மனங்கொள்ள வேண்டும். வாயிலுள்ள கட்டியின் மேற்பரப்பு பெரும்பாலும் புண்ணாகியிருக்கும். கிருமித்தொற்றினால் அங்கு திரளும் வெண்கலங்கள் கட்டியை எதிர்ப்பன அல்ல. நாவின் அடிப்பகுதியில் இயல்பாகவே நிணநீரிழையம் உண்டு. நோயை அறிதற்கு முதலில் வெட்டியெடுக்கும் சிறு துண்டிற் கட்டியின் பரவும் விளிம்பு அகப்படாமலும் போகலாம். ஆதலால் சத்திரசிகிச்சையில் அகற்றிய முழுக்கட்டியை நோக்கிப் பெற்ற மதிப்பீடே நம்பத்தக்கது.

சிகிச்சையைத் தெரிவதற்கும் இவ்வறிவு வழிகாட்டுகின்றது. அடக்கப்பட்ட ரீ-கலங்களை விடுவிக்கும் மருந்துகளுக்கு அடிகோலிய ஆய்வுகளுக்காக ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஒஞ்சோ ஆகியோருக்கு 2018இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தலை, கழுத்துப் புற்றுகளில் இம்மருந்துகளைப் பயன்படுத்துமுன் கட்டியிலும் அதன் வெண்கலங்களிலும் பீ.டீ.-எல்.1 அளவு சோதிக்கப்படுகின்றது. ஆனால் அவற்றின் விலை எளியோரால் எட்ட முடியாதது. மும்பாயிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையினர், நிவொலுமாப் என்னும் மருந்தை வழக்கமான அளவிற் பத்திலொரு பங்கிலும் குறைவாக, வாய்வழி மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து ஆராய்ந்தனர். குணப்படுத்தவியலாத நிலையை அடைந்த நோயாளரிடையே ஓராண்டின் பின் உயிருடன் இருந்தோர், வாய்வழி மருந்துகள் மட்டும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 16.3 ஆகவும், நிவொலுமாபும் சேர்த்துப் பெற்ற பிரிவில் 43.4 ஆகவும் இருந்தனர் என 2023இல் அவர்கள் வெளியிட்டனர். வறிய நாடுகளுக்கு இது பெருஞ் செய்தி. இத்தகைய மருந்தால் எவர் பயனடைவர் என முன்னரே அறியக் கூடுமாயின், பயனற்ற செலவும் பக்கவிளைவும் தவிர்க்கப்படும்.

நாம் கொள்ள வேண்டிய முடிவு

இக்குறிகாட்டியைக் கொண்டு தனியொரு நோயாளரின் சிகிச்சையைத் தீர்மானிக்கும் நிலை வாய்ப்புற்றில் இன்னும் ஏற்படவில்லை. கட்டியின் பருமன், ஆழம், கழுத்து நிணநீர்க் கணுக்களிற் பரவியமை ஆகியனவே இன்றும் முதன்மையானவை. எனினும் செலவின்றிப் பெறத்தக்க இம்மதிப்பீட்டை நோயியல் அறிக்கைகளில் ஒரே முறையிற் பதிந்து வருதல் நன்று என்பது எமது கருத்து. பாக்கினால் விளையும் வாய்ப்புற்று மேனாடுகளிற் காணும் புற்றிலிருந்து தோற்றுவாயில் வேறுபட்டது. அந்நாட்டு எல்லையளவுகளை நாம் அவ்வாறே ஏற்றல் தகாது. நமது நோயாளரிடமிருந்தே அவை பெறப்பட வேண்டும். வாய்ப்புற்று ஆய்வில் நீண்ட மரபுடைய பேராதனைப் பல்மருத்துவ பீடம் உள்ள நாட்டில் இது ஆகாத காரியம் அன்று.

இவை யாவற்றுக்கும் முற்பட்ட உண்மையொன்று உண்டு. சமன் வர்ணகுலசூரியவும் பிறரும் 1984இல் வெளியிட்ட இலங்கை ஆய்வில், ஆரம்பச் சுகாதாரப் பணியாளர் ஏறத்தாழ 28,000 பேரின் வாயைப் பரிசோதித்தனர். ஐயத்துக்குரிய மாற்றங்களை அவர்களாற் கண்டுகொள்ள முடிந்தது; ஆனால் மேற்சோதனைக்கு அனுப்பப்பட்டோரிற் பாதியளவினரே சென்றனர். ஆலங்குடாவிலிருந்து மகரகமப் புற்றுநோய் மருத்துவமனை 150 கிலோமீற்றருக்குக் குறையாத தொலைவில் உள்ளது. ஒருநாட் கூலியை இழந்து அத்தொலைவு செல்வதன் அருமையை நாம் உணர்தல் வேண்டும். ஆறாத வாய்ப்புண், வெண்மையாகவோ செம்மையாகவோ படர்ந்த தழும்பு, வாய் திறக்கவியலாமை ஆகியன இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிப்பின், காலந்தாழ்த்தாது அண்மையிலுள்ள வைத்தியரிடமோ பல்வைத்தியரிடமோ காட்டுதல் வேண்டும். நிணநீர்க்கலங்களை எண்ணும் கலை எவ்வளவு வளரினும், உரிய காலத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் வந்து சேரும் இழையத்துக்கே அது பயன் தரும்.