ஊர்வலம் போதும், மனு கொடுங்கள்

மே 31 வந்தால் கோலார் தங்கவயலில் புகையிலை எதிர்ப்பு ஊர்வலம். பேனர், முழக்கம், போட்டோ எல்லாம் உண்டு. பள்ளி திறந்ததும் பார்த்தால் வாசலுக்கு எதிரே அதே பெட்டிக்கடை. சீருடைப் பையன் ஒற்றை சிகரெட் வாங்கிப் போகிறான். ஊர்ப் பிள்ளைகள் கடைக்காரரோடு சண்டை போடுகிறார்கள், அல்லது போலீஸ் ஸ்டேஷனில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். வாயால் சொன்னதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவு கிடையாது.

இங்குள்ள தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. கல்தூசி சுமந்த நுரையீரல்கள் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளில் இன்னும் இருமிக்கொண்டிருக்கின்றன. கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதில் பிடிக்கும். பீடி அதற்கு வழி அகலமாக்குகிறது. அந்த வீட்டுப் பேரப்பிள்ளை கையிலும் சிகரெட் என்றால் எப்படிப் பொறுப்பது? புகையை விட நினைப்பவர் 1800-112-356 என்ற இலவச எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

2003-ஆம் ஆண்டின் மத்தியப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கர்நாடகம் செய்த திருத்தம் 2025 மே இறுதியில் நடைமுறைக்கு வந்தது. புகையிலைப் பொருளை 21 வயது ஆகாதவருக்கு விற்கக்கூடாது. கல்விக்கூடத்துக்கு 100 மீட்டருக்குள் விற்கக்கூடாது. ஒற்றை சிகரெட்டாகவும் விற்கக்கூடாது.

இதை மீறும் கடை பற்றிய மனுவை கோலார் மாவட்ட சுகாதார அதிகாரி அலுவலகத்தில் உள்ள மாவட்டப் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். நகல்கள் ராபர்ட்சன்பேட்டை நகரசபை ஆணையருக்கும் காவல் நிலைய இன்ஸ்பெக்டருக்கும். “பள்ளிக்கு அருகில்” என்று எழுதாதீர்கள். டேப் பிடித்து அளந்து, இத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். விற்றதைப் பார்த்த நாள், நேரம் வேண்டும். கடையைப் படமெடுங்கள், பிள்ளைகளின் முகம் வேண்டாம். தலைமை ஆசிரியரிடமும் கையெழுத்து கேளுங்கள். நாம் வீட்டில் பேசுவது தமிழ்தான். மனு கன்னடத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் மொழியையே சாக்காக்கி ஒதுக்கி வைப்பார்கள். உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.

காகிதத்துக்கு வலு உண்டு. 2010-இல் பெங்களூருவில் நடக்கவிருந்த உலகப் புகையிலை வணிக மாநாட்டுக்கு அரசின் புகையிலை வாரியமே ஆதரவளித்தது. பொது சுகாதார நிறுவனம் என்ற அமைப்பு உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது, வாரியம் விலகிக்கொண்டது.

மனு கொடுத்து ஒரு மாதமாகியும் அசைவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே பொருள்தான், 150 சொற்களுக்குள். “என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன?” என்று கேட்டால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். இதற்குத் தமிழ் செல்லாது. கன்னடம், ஆங்கிலம், இந்தி மட்டுமே. இந்த மனுவின் பிரதியிலும் முத்திரை, தேதி வாங்குங்கள்.