புயல் வந்த பிறகு மெழுகுவத்தி தேடாதீங்க! மூன்று நாள் தாங்கும் வீட்டுக்கு ஒரு மழைக்காலப் பட்டியல்

கார்த்திகை மாதத்து மாலை. 'புயல் எச்சரிக்கை' என்று போன் அலறுகிறது. அடுத்த அரை மணி நேரத்தில் காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டத்து மானாம்பதியிலும் சரி, தாம்பரத்திலும் சரி, மளிகைக்கடை வாசலில் ஒரே காட்சிதான். மெழுகுவத்தி, தீப்பெட்டி, பால் பாக்கெட், பிஸ்கட், ரொட்டி. கடைசியாக வருபவருக்கு மெழுகுவத்தி இருக்காது. இருந்தாலும் விலை வேறாக இருக்கும்.

ராத்திரி கரன்ட் போகிறது. அதோடு எதெல்லாம் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டி நிரம்பாது, குழாயில் தண்ணீர் வராது. ஃபிரிட்ஜில் இருக்கும் மாவு புளிக்கும், இன்சுலின் சூடாகும். மிக்ஸி இல்லை, சட்னி இல்லை. மறுநாள் போனில் சார்ஜ் தீரும். டவரும் போய்விட்டால் கூகுள் பே கிடையாது. கையில் ரொக்கம் இல்லாதவர் கடை திறந்திருந்தாலும் ஒன்றும் வாங்க முடியாது.

ஒரே ஒரு கம்பி அறுந்தால் வீடு மொத்தமும் நின்றுவிடுகிறது. இரண்டு தலைமுறைக்கு முன் இந்தப் பக்கத்து வீடுகள் இப்படி இல்லை.

குதிர் இருந்த வீடு

ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் வட்டாரம் இது. நிலம் இருந்த வீட்டில் மண் குதிரோ பத்தாயமோ இருந்தது. அதில் அடுத்த அறுவடை வரைக்கும் நெல். கொட்டை நீக்கி உப்பு போட்டு அமுக்கிய புளிப்பானை. சித்திரை வெயிலில் காய்ந்த வத்தல், வடகம், மோர்மிளகாய். பரணில் வறட்டி, விறகு. கொல்லையில் கிணறு. நான்கு நாள் அடைமழை பெய்தால், அடுப்பைக் கூரைக்குள் கொண்டுவர வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் காலம் பொற்காலம் என்று அர்த்தமில்லை. நிலமில்லாத குடும்பங்களுக்குக் குதிரும் இல்லை, பஞ்ச காலத்தில் கஞ்சியும் இல்லை. ஆனால், மழைக்கு முன்பே எடுத்துவைப்பது என்ற பழக்கம் ஊருக்குள் இருந்தது.

வீடுகளில் மட்டுமா? பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் திருமுக்கூடல் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிலில், 11-ம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையை அது விவரிக்கிறது. வைத்தியர், அறுவை செய்பவர், மருந்து கொண்டுவருபவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என ஆட்களைச் சொல்வதோடு, ஒரு வருடத்துக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளையும் பெயர் பெயராக அடுக்குகிறது. நோய் வந்த பிறகு மருந்து தேடக் கூடாது என்பதை இந்த மண் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறது.

கடற்கரையில் இல்லையே, நமக்கென்ன?

'புயலெல்லாம் கடலோரத்துக்குத்தானே!' என்று உள்ளூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. கடந்த பத்தாண்டுகள் அதைப் பொய்யாக்கிவிட்டன.

2015 டிசம்பர் 1-ம் தேதி பெய்த பெருமழையில், அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ பதிவானது. 2016 டிசம்பர் 12-ல் கரையைக் கடந்த வர்தா, சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்து, பல பகுதிகளை நாள்கணக்கில் இருட்டில் வைத்தது. 2018 நவம்பர் 16-ல் டெல்டாவைத் தாக்கிய கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. உள்கிராமங்கள் சிலவற்றுக்கு கரன்ட் வர வாரங்கள் ஆயின. 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரம் அருகே கரையேறியது. 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ மழையைக் கொட்டியது.

ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றுதான். மின்சாரமும் உதவியும் முதலில் நகரத்துக்கு வரும், அடுத்து மெயின் ரோட்டுக்கு. கிளைச்சாலையில் மரம் விழுந்து கிடக்கும் கிராமத்துக்குக் கடைசியில்தான் வரும். அதனால் முதல் மூன்று நாளை வீடே சமாளித்தாக வேண்டும். கீழே உள்ளது நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கான கணக்கு.

தண்ணீர்: நான்கு குடம்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். சாதாரணக் குடத்தில் நான்கு குடம், அல்லது 20 லிட்டர் கேன் இரண்டரை. மழை எச்சரிக்கை வந்த அன்றே மூடி போட்டுப் பிடித்துவையுங்கள். குளிக்க, கழுவ, கக்கூஸுக்கு அண்டாவிலும் டிரம்மிலும் தனியாக. எல்லாவற்றையும் மூடுங்கள், திறந்துவைத்தால் டெங்கு கொசுவுக்கு நீங்களே தொட்டில் கட்டியதாகும்.

வெள்ளத்தில் மூழ்கிய அடிபம்பு, கிணற்றுத் தண்ணீரைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்யும் வரை குடிக்காதீர்கள். எந்தத் தண்ணீராக இருந்தாலும் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடிப்பதே பாதுகாப்பு.

சாப்பாடு: அடுப்பு இல்லாமல் ஒரு நாள், ஒரே அடுப்பில் இரண்டு நாள்

டின் உணவும் விலை உயர்ந்த பாக்கெட்டும் தேவையே இல்லை. நம் சமையலறையிலேயே நாள்பட நிற்கும் சாப்பாடு இருக்கிறது.

அடுப்பு பற்றவைக்காமல் சாப்பிட: அவல் ஒரு கிலோ, பொரி, பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, வெல்லம் அரைக் கிலோ, ரஸ்க், பேரீச்சம்பழம். அவலைக் கழுவிப் பத்து நிமிடம் ஊறவைத்து வெல்லம் போட்டால் குழந்தைகளும் சாப்பிடும், பல் இல்லாத தாத்தாவும் சாப்பிடுவார்.

சாதம் மட்டும் வடித்தால் போதும் என்ற நிலைக்கு: புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய், வத்தல், கருவாடு. நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிச் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல், ஈரக் கரண்டி படாமல் இருந்தால் வாரக்கணக்கில் கெடாது. அரிசி நான்கு கிலோ, துவரம்பருப்பு ஒரு கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், உப்பு. புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருந்தால் அதற்கான பால் பவுடர் தனியாக. தாய்ப்பால் கொடுப்பவர்கள் எந்தச் சூழ்நிலையிலும் நிறுத்த வேண்டாம். அதைவிடப் பாதுகாப்பான உணவு குழந்தைக்கு இல்லை.

கெடாமல் வைப்பது எப்படி?

தானியத்துக்கு ஈரம்தான் எதிரி. வெயிலில் காயவைத்த அரிசியையும் பருப்பையும் சூடு முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த வேப்பிலை, வரமிளகாய் போட்டுவைப்பது பாட்டி காலத்து வழி. வண்டு வருவதை ஓரளவு தள்ளிப்போடும். ரவையை வறுத்துவைக்கலாம்.

தவிட்டோடு இருக்கும் கைக்குத்தல் அரிசி சத்தானதுதான். ஆனால் தவிட்டில் உள்ள எண்ணெயால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இருப்புக்குத் தீட்டிய புழுங்கல் அரிசியே நல்லது. ரேஷன் அரிசியும் இதற்குப் போதும். வெல்லம் மழைக்காலத்தில் கசியும். இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், வாங்கிய தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுவது. முதலில் வாங்கியது முதலில் காலியாக வேண்டும்.

வெளிச்சம், அடுப்பு, பணம்

எல்.இ.டி டார்ச் இரண்டு. பேட்டரியை உள்ளேயே போட்டுவைத்தால் கசிந்து டார்ச்சைக் கெடுத்துவிடும். கழற்றி அதே பையில் வையுங்கள். 10,000 எம்.ஏ.எச் பவர் பேங்க் ஒரு சாதாரண ஸ்மார்ட்போனுக்கு ஏறக்குறைய இரண்டு முறை சார்ஜ் கொடுக்கும். மழைக்காலத்தில் அது எப்போதும் நிரம்பி இருக்கட்டும். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ இருந்தால், டவர் போனாலும் செய்தி கிடைக்கும்.

மெழுகுவத்தி ஏற்றினால் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் நிறுத்துங்கள். கொசுவலை, திரைச்சீலை பக்கம் வேண்டாம். தீப்பெட்டியை மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். கேஸ் தீர்ந்தபின் புக் செய்யலாம் என்று ஐப்பசியில் இருக்காதீர்கள். விறகைத் தார்ப்பாய்க்குள் வையுங்கள். குளிருக்காகக் கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

பத்து, இருபது, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கம். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், பட்டா, சிட்டா, பயிர்க் காப்பீட்டு ரசீது எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில். போனில் ஒரு போட்டோவும் எடுத்துவையுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் வைக்கோலை மேட்டில் அடுக்கித் தார்ப்பாய் போடுங்கள். தண்ணீர் ஏறும் அறிகுறி தெரிந்தால் முதலில் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். விதை நெல் மூட்டை தரையில் இருக்கக் கூடாது.

மாத்திரை: கடைசி அட்டை வரை காத்திருக்காதீங்க

வெள்ளத்தில் உணவுப் பொட்டலம் வந்துவிடும். அம்மாவின் பிரஷர் மாத்திரை வராது. பி.பி., சுகர், வலிப்பு, தைராய்டு, இதய நோய் மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள், மழைக்காலத்துக்கு முன்பே அடுத்த தவணையைக் கேட்டுவையுங்கள். மருந்துச்சீட்டின் போட்டோ போனில் இருக்கட்டும்.

இன்சுலின் போடுபவர்களுக்கு: கரன்ட் போனால் ஃபிரிட்ஜை அடிக்கடி திறக்காதீர்கள், மூடியே இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். பிறகு, இன்சுலினைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஈரமான மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின்கள் அதிகச் சூடு இல்லாத இடத்தில் நான்கு வாரம் வரை தாங்கும். உங்கள் மருந்துக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓ.ஆர்.எஸ் பாக்கெட் நான்கு. அது இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பிரசவ தேதி நெருங்கியவர்களை ரோடு நன்றாக இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடுங்கள். தண்ணீர் ஏறினால் பாம்பும் மேடு தேடி வீட்டுக்குள் வரும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டவோ கீறவோ வேண்டாம். கடிபட்ட பாகத்தை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்கு.

தினக்கூலி வீட்டில் எப்படி?

இத்தனையும் ஒரே நாளில் வாங்க எல்லாரிடமும் பணம் இருக்காது. அதற்கும் நம்மிடம் ஒரு வழி உண்டு: பிடி அரிசி. தினமும் உலையில் போடும் முன் ஒரு கைப்பிடியைத் தனிப்பானையில் போடுவது. ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம் என்றால், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. ஆடியில் ஆரம்பித்தால் ஐப்பசிக்குள் மூன்று நாள் சாப்பாட்டுக்கு மேலேயே சேர்ந்துவிடும்.

தார்ப்பாய், நீளக் கயிறு, பெரிய அண்டா, அவசர விளக்கு போன்றவற்றை வீட்டுக்கு வீடு வாங்க வேண்டியதில்லை. மகளிர் சுய உதவிக் குழுவோ தெருவோ சேர்ந்து ஒன்று வாங்கிவைக்கலாம். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்கிறது. 1,100 வருடத்துக்கு முன்பே ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு வைத்திருந்த ஊர்ப்பக்கம் இது. தெருவில் தனியாக இருக்கும் வயதானவர் யார், நடக்க முடியாதவர் யார் என்ற பட்டியலும் அந்த அண்டாவோடு சேர்ந்து இருக்கட்டும்.

ஒன்று மட்டும் வேண்டாம். எச்சரிக்கை வந்த அன்று பத்து பாக்கெட் பாலும் ஐந்து கட்டு மெழுகுவத்தியும் வாரிக்கொண்டு வருவது. அது அடுத்த வீட்டுக் குழந்தையின் பால்.

சுவரில் எழுதிவையுங்கள்

மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. எந்த அவசரத்துக்கும் 112. ஆம்புலன்ஸ் 108. மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. போன் அணைந்தாலும் சுவர் அணையாது.

சித்திரையில் காயவையுங்கள், புரட்டாசிக் கடைசியில் டப்பாவைத் திறந்து சரிபாருங்கள். புயல் வரவில்லையா? நல்லது. தை பிறந்ததும் அந்த வெல்லத்தையும் அரிசியையும் பொங்கல் பானையில் போட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிடலாம்.