புத்தகத்துக்கு ஏசி, வாசகருக்கு மின்விசிறி

பசுமை நூலகம் என்றதும் சூரிய மின்தகடும் மாடித் தோட்டமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் பசுமைக் கட்டடங்களுக்கான லீட் தங்கச் சான்று பெற்ற கட்டடம், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் நம்மைப் போன்ற வெயில் நாட்டில், ஏசி போட்ட எந்தப் பெரிய கட்டடத்திலும் மின்சாரத்தை விழுங்குவதில் பெரும்பாலும் குளிரூட்டலுக்கே முதலிடம். ஆகவே கூரைமேல் என்ன இருக்கிறது என்பதைவிட, உள்ளே யாருக்காகக் குளிரூட்டுகிறோம் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

புத்தகங்களுக்காக என்பது வழக்கமான பதில். அது பாதி உண்மை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் காகிதத்தில் பூஞ்சை தலைகாட்டும். கடலோரச் சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அதற்குக் குறைவதில்லை. ஆனாலும் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே கவனிப்பு தேவையா? இரவல் நூலாகக் கைமாறும் நாவலும் போட்டித் தேர்வு கைடும் வெப்பத்தால் பழுப்பேறுவதற்கு முன்பே முதுகு பிரிந்து, ஏடு கழன்று ஓய்வுபெற்றுவிடும். நூறாண்டுப் பழைய செய்தித்தாளும் முதற்பதிப்புகளும்தான் உண்மையில் காக்கப்பட வேண்டியவை. அவற்றுக்கு நன்றாக அடைத்த சிறிய அறையும், இரவு பகலாக ஓடும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் போதும். மாறாக, காலையில் ஏசியைப் போட்டு மாலையில் அணைத்துவிட்டுப் பூட்டிப்போகும் பழக்கம்தான் கெடுதல். குளிர்ந்துபோன அலமாரிமேல் வெளியின் ஈரக்காற்று படிய, அட்டைகள் பிசுபிசுக்கும். மின்சாரமும் போய், புத்தகமும் கெடும்.

உலக அருங்காட்சியகங்களே இதில் இறங்கி வந்துவிட்டன. ஒரே வெப்பம், ஒரே ஈரம் என்ற பிடிவாதத்தைத் தளர்த்தி, 16 முதல் 25 டிகிரி, 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் என்ற அகலமான வரம்பை பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்கள் கூடும் பிஸோ குழு 2014-இல் ஏற்றது.

வாசகர் விஷயம் வேறு. மே மாதத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையை வியர்க்கச் சொல்வது நியாயமா என்று கேட்கலாம். நியாயமில்லைதான், ஓட்டு வீட்டிலோ தகரக் கூரையின் கீழோ புழுங்கித் தவிப்பவருக்கு நூலகம் ஒரு புகலிடம். ஆனால் ஒன்றரை டன் ஏசி ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட் இழுக்கும். பிஎல்டிசி மின்விசிறிக்கு 30 வாட் அளவே போதும். ஒரு ஏசியின் மின்சாரத்தில் ஐம்பது விசிறி சுற்றலாம். மாடித் தரையில் வெள்ளைப் பூச்சு, மேற்கு ஜன்னலுக்கு நிழல், உயரமான விதானம் என்றால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தின் 1896-ஆம் ஆண்டுக் கட்டடம் ஏசி என்ற பேச்சே இல்லாத காலத்தில் எழுந்தது. கடும் வெயிலுக்கென்று ஒரே ஒரு வாசிப்புக்கூடத்தை 26 டிகிரியில் வைத்து, மேலே விசிறியும் ஓடவிட்டால் போதும். எல்லாத் தளத்தையும் குளிரூட்ட வேண்டாம்.

எல்லாவற்றையும் மின்னூலாக்கிவிட்டால்? கருவியைச் செய்யவும் சர்வரை ஓட்டவும் ஆற்றல் வேண்டும். ஒருவரே வைத்துக்கொள்ளும் கருவியோடு, ஐம்பது பேர் படித்த ஒரு பிரதியை ஒப்பிட்டால் கணக்கு அவ்வளவு எளிதாகத் தீராது. மறுபடி ஏசிக்கே வந்தால், சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரியில் நடக்கும் கிளை நூலகங்கள் பலவும் விசிறியில்தான் இயங்குகின்றன. அங்கே ஏசியைவிட அவசரமானது, ஐப்பசி மழைக்கு முன் மாடி விரிசலை அடைப்பதும், அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவதும்.